எண்ணெய் பட்ட தாள்

வெளிச்சத்தைப் பற்றிச் சின்னக் குழந்தைகளுக்கு எப்படிச் சொல்லித் தருவது? இதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். நான் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு பழகுகிற ஆசிரியை.

புத்தகத்தில் பொருள்களை மூன்றாகப் பிரித்திருக்கும்: ஒளி ஊடுருவும் பொருள், ஊடுருவாப் பொருள், பகுதி ஊடுருவும் பொருள். பிள்ளைகள் ஒரே நாளில் ஒப்பித்துவிடுவார்கள். நான் அந்தப் பெயர்களைக் கடைசியில்தான் சொல்வேன். முதலில் ஒரு டார்ச் லைட், ஒரு வெள்ளைச் சுவர், ஒரு கூடை நிறையப் பொருள்கள். எவர்சில்வர் தம்ளர், கண்ணாடி வளையல், பழைய வேட்டித் துண்டு, வாழை இலைக் கிழிசல், மெழுகுவர்த்தி, அழிரப்பர். ஒரே ஒரு விதி: வெளிச்சம் இதைத் தாண்டிப் போகுமா, போகாதா என்று சொல்லிவிட்டுத்தான் டார்ச்சைப் போடவேண்டும். முன்கூட்டியே சொன்ன பிள்ளை தன் சொல் பலிக்கிறதா என்று உற்றுப் பார்க்கும்.

கண்ணாடிக்கு நிழலே விழாது என்று எல்லாரும் சேர்ந்து கத்துவார்கள். சுவரில் வளையலின் நிழல் விழும். சிவப்பு வளையல் என்றால் உள்ளே லேசாகச் சிவப்பும் தெரியும். அப்போது வகுப்பில் எழும் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்கவே நான் ஒவ்வோர் ஆண்டும் காத்திருப்பேன்.

எனக்கு மிகவும் பிடித்தது எண்ணெய்த் தாள். பஜ்ஜி மடித்துக் கொடுத்த காகிதத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு வெள்ளைத் தாளில் ஒரு சொட்டுக் கடலை எண்ணெய் விட்டு, பிள்ளைகளிடம் கொடுத்து ஜன்னல் பக்கம் பிடிக்கச் சொல்வேன். ஒரு பையன் பிடித்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், எண்ணெய் ஓட்டை போட்டுடுச்சா?" என்று கேட்டான். விரலை வைத்துத் தடவினான். ஓட்டை இல்லை. பக்கத்திலிருந்த சிறுமி தன் தாளை மேசையில் போட்டாள், தூக்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தாள், மறுபடி போட்டாள். "கறை கறுப்பா, வெள்ளையா டீச்சர்?" என்றாள்.

எவ்வளவு நல்ல கேள்வி பாருங்கள்! மேசைமேல் வைத்தால் கறை மங்கலாகத் தெரிகிறது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அதே கறை சுற்றியுள்ள தாளைவிடப் பளிச்சென்று தெரிகிறது. ஜெர்மானிய வேதியியலாளர் புன்சன் 19ஆம் நூற்றாண்டில் இதை வைத்தே இரண்டு விளக்குகளின் வெளிச்சத்தை ஒப்பிட ஒரு கருவி செய்தார். இரண்டு பக்கமும் சம வெளிச்சம் விழுந்தால் கறை கண்ணுக்கு மறைந்துவிடும்.

காரணத்தைப் பெரியவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். காகிதம் என்பது மெல்லிய நார்களின் பின்னல், இடையிடையே காற்று. உள்ளே நுழையும் வெளிச்சம் நாரிலிருந்து காற்றுக்கும் காற்றிலிருந்து நாருக்கும் மாறும்போதெல்லாம் திருவிழாக் கூட்டத்தில் அகப்பட்டவர்போல திசை மாறி அலைகிறது. பெரும்பகுதி வந்த வழியே திரும்பிவிடுகிறது. அதனால்தான் தாள் வெள்ளையாக இருக்கிறது. எண்ணெய் விட்டதும் காற்று இருந்த இடத்தை எண்ணெய் நிரப்பிவிடுகிறது. காற்றின் ஒளிவிலகல் எண் 1. நாருக்கு ஏறத்தாழ 1.5, கடலை எண்ணெய்க்கு 1.47. நாருக்கும் எண்ணெய்க்கும் பெரிய வித்தியாசம் இல்லாததால் வெளிச்சம் அதிகம் திரும்பாமல் அந்தப் பக்கம் போய்விடுகிறது. தண்ணீருக்கு 1.33, அதுவும் காற்றைவிட நாருக்கு நெருக்கம். அதனால்தான் நனைந்த வேட்டியும் உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுக்கிறது. காய்ந்ததும் பழையபடி வெள்ளையாகிவிடுகிறது.

பிள்ளைகளிடம் இந்த எண்கள் வேண்டாம். "தாளுக்குள்ள இருந்த குட்டிக் குட்டி இடைவெளியை எண்ணெய் அடைச்சிடுச்சு, வெளிச்சம் ஈஸியா போயிடுச்சு" என்றால் போதும். ஒரே தாள் ஒரு சொட்டு எண்ணெயில் வேறு வகைக்குத் தாவிவிட்டது என்பது அவர்கள் மனத்தில் நின்றால், அந்த மூன்று பெயர்களும் பிறகு தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

வெளிச்சத்தை விடுவதும் தடுப்பதும் நம் தோல்பாவைக் கூத்துக் கலைஞர்களுக்குக் கைவந்த வித்தை. தமிழ்நாட்டில் ஆட்டுத்தோலை வெளிச்சம் கசியுமளவுக்கு மெல்லியதாகப் பதப்படுத்தி வண்ணம் தீட்டுவார்கள். திரையில் ராமனும் அனுமனும் நிறத்தோடு வருவார்கள். பாலக்காட்டுப் பக்கம் பழைய வழக்கப்படி மான்தோலில் செய்த பாவைகள் வெளிச்சத்தை விடாதவை. அங்கே திரையில் கறுப்பு நிழல்தான் ஆடும், துளைகள் வழியாக ஒளிப் புள்ளிகள் மின்னும். இரண்டுமே ராமாயணக் கதைதான். தோல் வேறு, காட்சி வேறு. வண்ணக் கண்ணாடித் தாளையும் கறுப்பு அட்டையையும் வெட்டிக் குச்சியில் ஒட்டினால் பிள்ளைகளே இந்த இரண்டையும் ஆட்டிப் பார்க்கலாம்.

முகம் பார்க்கும் கண்ணாடி, பளபளக்கும் கரண்டி, தண்ணீரில் வளைந்து தெரியும் பென்சில் இவையெல்லாம் மிச்சம் இருக்கின்றன. நேரம் முடியப்போவதால் விட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் சொல்லாமல் போக முடியாது: எந்தத் தாளை, எந்தக் கண்ணாடியை வைத்தும் குழந்தைகள் சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. லேசர் விளக்கையும் அவர்கள் கையில் கொடுக்காதீர்கள்.

தாய்மார்களே, தாத்தா பாட்டிகளே, இன்று இரவு விளக்கை அணைத்துவிட்டு ஒரு டார்ச்சையும் சமையலறைப் பொருள்கள் நாலைந்தையும் பிள்ளையிடம் கொடுங்கள். போகுமா, போகாதா என்று மட்டும் கேளுங்கள். பதிலை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.