தீர்ப்பு வந்தது, நல்ல தண்ணி வரவில்லை!

(பாலாற்றுப் பாசன விவசாயிகள் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



நம்ம கெணத்துல தண்ணி இல்லைன்னா வானத்தைக் குறை சொல்லலாம். தண்ணி இருந்தும் நெல்லுக்குப் பாய்ச்ச முடியலையே, இதுக்கு யாரைக் குறை சொல்வது?

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை நெடுக தோல் ஷாப்புகள். ஒரு கிலோ தோல் பதனிட சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. அது உப்பையும் குரோமியத்தையும் சுமந்துகொண்டு வெளியே வருகிறது. சாதாரண சுத்திகரிப்பில் நாற்றம் குறையும், நிறம் குறையும். கரைந்த உப்பு போகாது. அதைப் பிரிக்கத் தனி இயந்திரமும் கரண்டும் வேண்டும், செலவு பிடிக்கும். அந்தச் செலவை மிச்சம் பிடித்தார்கள். அந்த உப்பு நம்ம கழனியில் வந்து படிந்தது.

இது நாம் சொல்லும் கதை அல்ல. 1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ கெட்டுப்போனது என்ற ஆய்வு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. ‘கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும்’ என்று நீதிபதிகள் சொன்னார்கள். நாடு முழுக்க வக்கீல்கள் இன்றைக்கும் அதை எடுத்துக்காட்டுகிறார்கள். பேர் என்னவோ நம்ம ஊருக்கு வந்தது. பலன் வந்ததா?

இழப்பீட்டுக் கணக்கைக் கேளுங்கள். 2001-ல் ஆணையம் கண்டெடுத்த பயனாளிகள் 29,193 பேர். தொகை சுமார் 26 கோடியே 82 லட்சம். வகுத்துப் பார்த்தால் ஆளுக்குச் சராசரி பத்தாயிரம்கூட இல்லை. அதுவும் 1991 முதல் 1998 வரையிலான நட்டத்துக்கு! மாசத்துக்கு நூறு ரூபாய் சொச்சம். ஒரு நாள் களையெடுக்க ஆள் வைக்க இது காணுமா? சரி, 1998-க்குப் பிறகு உப்பு நின்றுபோச்சா?

மறுபடி நீதிமன்றப் படி ஏறினோம். 2025 ஜனவரி 30-ல் உச்சநீதிமன்றம் சொன்னது: பாக்கி இழப்பீட்டை அரசு ஆறு வாரத்தில் கொடுத்துவிட்டு, ஆலைகளிடம் வசூல் செய்துகொள்ளட்டும், ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு போட்டு ஆற்றைச் சீர்செய்யட்டும். முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 வருஷம் ஓடிவிட்டது. சட்டம் இருக்கு, வாரியம் இருக்கு, கலெக்டர் ஆபீஸ் இருக்கு. எல்லாம் இருந்தும் செய்ய வைக்க ஆள் இல்லை. அந்த ஆள் நாமதான்!

சிலர் கேட்கிறார்கள்: “ஷாப்பை மூடினா உங்க புள்ளைங்களுக்கு யாருய்யா வேலை குடுப்பா?” நாம் வேலைக்கு எதிரி அல்ல. 2015 ஜனவரி 31 விடியற்காலை ராணிப்பேட்டையில் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத்தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சகதியில் செத்தார்கள். அவர்களும் நம்மைப் போலப் பிழைக்க வந்தவர்களே. விதியை மீறினால் விவசாயிக்கும் சாவு, தொழிலாளிக்கும் சாவு. தொழில் நடக்கட்டும், கழிவு வெளியே வரக்கூடாது. அவ்வளவுதான் நம்ம வழக்கு.

நமது கோரிக்கைகள்:

1. இழப்பீடு பெற்றவர், பெறாதவர் பட்டியலை ஊர்வாரியாகப் பஞ்சாயத்து ஆபீசில் ஒட்டு!
2. 1998-க்குப் பிந்தைய நட்டத்தையும் கணக்கெடு!
3. கழிவுநீர் சோதனை முடிவை மாதந்தோறும் தமிழில் வெளியிடு!
4. கெட்ட கிணற்றுக்காரர்களுக்கு நல்ல குடிநீர் கொடு!

நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. உங்க கெணத்துத் தண்ணியையும் மண்ணையும் வருஷா வருஷம் சோதனைக்குக் கொடுங்கள். சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள், பட்டாவோடு சேர்த்து வையுங்கள். நாளைக்கு அதுதான் சாட்சி. இழப்பீட்டில் பேர் விட்டுப்போனவர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குச் சங்கம் எழுதித் தரும். கிராமசபையில் தீர்மானம் போடுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள், நகல் கேட்டு வாங்குங்கள்.

தாத்தா காலத்தில் மணலைக் கையால் தோண்டிக் குடித்த ஆறு இது. பேரன் காலத்தில் குடிக்க முடியுமா என்பது நம்ம கையில் இருக்கிறது.

பாலாற்றைக் காப்போம்! பாக்கியை வாங்குவோம்!