ஒன்றியங்களுக்கு ஒரு பெயரேடு

மாற்றலாகிச் செல்லும் எழுத்தர் பீரோச் சாவியை ஒப்படைத்துவிடுகிறார். கணிப்பொறியின் கடவுச்சொல்லோ அவருடனேயே போய்விடுகிறது. வரிக் கணக்கும் வேலைப் பட்டியலும் கணிப்பொறியில் ஏறிவிட்ட இந்நாளில் இது சிறு விஷயமன்று.

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்றியங்களுக்குப் பொதுவாக ஒரு பெயரேட்டுச் சர்வர் அமைத்தல் நலம் என நாம் கருதுகிறோம். 1993-இல் வகுக்கப்பட்ட எல்டாப் முறையில் அது இயங்கும். மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி எனக் கிளை பிரித்து ஆளுக்கு ஒரு பதிவு வைக்க வேண்டும். இரு ஒன்றியங்களிலும் மாரியப்பன் என்று ஓர் எழுத்தர் இருப்பினும், தபால் விலாசம் போலக் கிளையோடு சேர்த்தே பெயர் வழங்குவதால் குழப்பமில்லை. அலுவலகக் கணிப்பொறிகள் யாவும் ‘இவர் யார்?’ என்று இச்சர்வரையே கேட்கும்படி செய்துவிட்டால், இங்கு ஒரு பதிவை மூடியதும் எல்லாக் கதவுகளும் மூடிக்கொள்ளும்.

சர்வரின் 389-ஆம் எண் வாயிலைக் காப்பின்றித் திறந்தால், தபால் அட்டையில் எழுதியதுபோல் கடவுச்சொல் வெளிப்படையாகச் செல்லும். மறையெழுத்தில் செல்லும் 636-ஆம் வாயிலையே கேளுங்கள். மூல ஏடு இராஜபாளையத்திலும் நகல் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இருக்கட்டும். ஓரிடத்தில் மின்சாரம் நின்றாலும் வேலை நிற்காது. ஏட்டைத் திருத்தும் உரிமை இருவருக்குமேல் வேண்டாம்.

மத்திய அரசு 2020-இல் தொடங்கிய இ-கிராம் ஸ்வராஜ் கணக்கு இதில் அடங்காது. அதைத் தனியே மூட வேண்டும். மாற்றல் உத்தரவின் நகல் அன்றே சர்வர் நிர்வாகிக்குச் சேருமாறு அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் இயற்றுங்கள்.