ஆர்கனில் ஒரு நாமாவளி



கோயம்புத்தூருக்குத் தெற்கே செட்டிபாளையம் என்றொரு ஊர். 1914இல் அங்கே பிறந்த ராமசாமி, ரிஷிகேசம் போய், நம் பத்தமடைக்காரரான சுவாமி சிவானந்தரிடம் சந்நியாசம் வாங்கி, சச்சிதானந்தர் ஆனார். இலங்கையில் சில காலம் ஆசிரமம் நடத்தினார். 1966இல் அமெரிக்கா போனார். மூன்றே ஆண்டில், வுட்ஸ்டாக் இசை விழா மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கண்ணுக்கெட்டிய தூரம்வரை இருந்த இளைஞர்களை நாமம் சொல்ல வைத்தார். அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது அவரிடம் வந்து சேர்ந்த ஒரு பெண்மணியைப் பற்றி.

ஆலிஸ் கோல்ட்ரேன். 1937இல் டெட்ராய்ட் நகரில் பிறந்த கறுப்பினப் பெண். சிறு வயதிலேயே பாப்டிஸ்ட் தேவாலயத்தில் பியானோவும் ஆர்கனும் வாசித்தவர். கணவர் ஜான் கோல்ட்ரேன், ஜாஸ் உலகம் கொண்டாடிய சாக்ஸபோன் கலைஞர். இந்திய இசைமீது அவருக்கு எவ்வளவு பிரியம் என்றால், பிறந்த மகனுக்கு ரவிசங்கரின் பெயரை வைத்தார். 1967இல், 40 வயதில், அவர் இறந்துபோனார். நான்கு பிள்ளைகள். ஆலிஸுக்குத் தூக்கம் போனது, உடம்பு இளைத்தது. அந்த நிலையில்தான் சச்சிதானந்தரைச் சந்தித்தார்.

குருவின் பெயரிலேயே 1971இல் ஓர் இசைத்தட்டு வந்தது. தம்பூரா ஒலித்துக்கொண்டே இருக்கிறது. அதன்மேல் டபுள் பாஸ் ஒரே சிறு ஸ்வரக்கோவையைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. ஆலிஸ் ஹார்ப் வாசிக்கிறார். நம் பழைய யாழுக்குத் தூரத்து உறவு அந்த வாத்தியம். பாட்டே இல்லை. ஆனாலும் ஜபம் செய்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும்.

அவர் நாமாவளியை வாய்விட்டுப் பாடியது பிற்பாடுதான். கச்சேரி மேடைகளை மெல்ல விட்டுவிட்டு, துரியசங்கீதானந்தா என்ற துறவுப் பெயரோடு, 1983இல் கலிபோர்னியாவில், மலையடிவாரத்தில், ஓர் ஆசிரமம் அமைத்தார். 1982க்கும் 1995க்கும் இடையில் நான்கு கேசட்டுகள் வெளியிட்டார். கடைக்கு வந்த சரக்கல்ல அவை. பக்தர்கள் வட்டத்துக்குள் கைமாறியவை. வெளியுலகம் பரவலாகக் கேட்டது 2017இல், அவர் மறைந்து பத்து ஆண்டுகள் ஆனபிறகு, ஒரு தொகுப்பு வந்தபோதுதான்.

நான் முதலில் கேட்டபோது சிரிப்பு வந்துவிட்டது, மறைக்கவில்லை. ராமனையும் நாராயணனையும் அமெரிக்க உச்சரிப்பில் அழைக்கிறார்கள். சின்தசைசர் விமானம் கிளம்புவதுபோல் கீழிருந்து மேலே ஊளையிட்டுக்கொண்டு ஏறுகிறது. இரண்டாம் முறை கேட்டபோது பிடிபட்டது: அது ஜாரு! சுரத்துக்குச் சுரம் தாவாமல் வழுக்கிப்போகும் நம் கமகம். பியானோவில் அதற்கு வழியில்லை. சின்தசைசரில் ஒரு சக்கரத்தைத் திருப்பினால் கிடைத்துவிடும். அந்த அம்மாள் அதைக் கண்டுபிடித்து, ஆசை தீர வாசித்திருக்கிறார்.

பிந்தைய கேசட்டுகளில் ஆசிரமத்தாரும் சேர்ந்து பாடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டில் ஆலிஸ் ஆர்கனில் உட்காருவார். கூடியவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அவர்களுக்கு ஒருவர் முன்னே பாட, மற்றவர் திருப்பிப் பாடுவதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தேவாலயத்தில் பாட்டி காலத்திலிருந்து வருவது அது. நம் பஜனைக் கூடத்தில் ஜால்ராவோடு நடப்பதும் அதுதானே? இரண்டு சம்பிரதாயமும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிட்டன. கைதட்டு மட்டும் டெட்ராய்ட் கைதட்டு.

'மந்திரத்தை இப்படி மாற்றலாமா?' என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயம்தான், ஆனால் இரண்டைப் போட்டுக் குழப்புகிறது. வேத மந்திரத்துக்கு உதாத்தம், அனுதாத்தம், ஸ்வரிதம் என்று ஏற்ற இறக்கம் வகுக்கப்பட்டிருக்கிறது. காயத்ரியை சினிமா மெட்டில் பாடும்போது அந்த அமைப்பு போய்விடுகிறது. எனக்கும் அது ஒட்டுவதில்லை. நாமாவளிக்கு அப்படி விதித்த மெட்டு எதுவும் கிடையாது. ஊருக்கு ஊர், பாகவதருக்குப் பாகவதர் மாறும். முத்துசுவாமி தீட்சிதரே கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் பேண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று இன்றைக்கும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறோம்.

எனக்கு ஆகாதது வேறொன்று. யோகா வகுப்புகளில் மெல்லிசாக ஓடவிடும் ஒலிப்பதிவு. புல்லாங்குழல், நீரோடைச் சத்தம், பஞ்சு மெத்தைபோல் ஒரு சின்தசைசர், அதன்மேல் எதிரொலி பூசிய ஓம். சுருதி பிசகாது, தாளம் பிசகாது. ஆனால் யாரும் திருப்பிப் பாடுவதில்லை. பாடச் சொல்லி அது கேட்பதும் இல்லை. ஊதுவத்தி மாதிரி மூலையில் புகைந்துகொண்டிருக்கும்.

ஆலிஸின் ஆசிரமக் கட்டடம் 2018 காட்டுத்தீயில் எரிந்துபோனது. 2021இல் மகன் ரவி கோல்ட்ரேன், 1982இன் முதல் கேசட்டை வேறு வடிவில் வெளியிட்டார். பின்னணி வயலின்களும் சின்தசைசரும் சேர்வதற்கு முந்தைய வடிவம்: ஓர் ஆர்கன், தணிந்த, அவசரமில்லாத ஒரு குரல், அவ்வளவுதான். இதுவே சுத்தம் என்கிறார்கள் பலர். இருக்கலாம். எனக்கு அந்த விமானச் சத்தம் இல்லாமல் கொஞ்சம் வெறிச்சென்றிருக்கிறது.