ஜெபம் வறண்டுபோகும் நாட்களில்

(போளூர் மருத்துவ முகாம் முடிந்த மாலை ஜெபவேளையில் நம் மருத்துவமனைப் போதகர் அளித்த செய்தி)



பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி தாண்டி இந்தப் போளூருக்கு வந்து சேர்வதற்குள் ஜீப்பில் எங்களில் பாதிப்பேர் உறங்கிவிட்டோம், மற்றவர்களுக்குத் தலைசுற்றல். அதன்பின் நாள் முழுவதும் முகாம். இந்தக் களைப்போடுதான் இப்போது ஜெபிக்க உட்கார்ந்திருக்கிறோம். ஆகவே ஜெபிக்க முடியாத வேளையைப்பற்றியே இன்று பேசுவோம்.

சில மாதங்களுக்கு முன் இந்த மலைக்கிராமங்களிலிருந்து வந்த ஒரு தாயார், கணவரின் கட்டிலருகே ஏழு வாரம் துணையிருந்தார். ஒருநாள் எங்களிடம், "ஐயா, நீங்க ஜெபம் பண்ணுங்க. நான் நிறுத்திட்டேன். வாய் பாட்டுக்குச் சொல்லுது. மனசு வடுகபட்டிச் சந்தையில பூண்டு என்ன விலைக்குப் போச்சோன்னு நிக்குது. ஆண்டவரை ஏமாத்துற மாதிரி இருக்கு" என்றார்.

நாங்கள் உடனே பதில் சொல்லவில்லை. இறையியல் கல்லூரியில் ஜெபத்தைப்பற்றிப் பரீட்சை எழுதித் தேறியவர்கள்தான் நாங்கள். ஆனாலும் அதிகாலையில் முழங்காலில் நின்று, ஒரு சொல்லும் வராமல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த மாதங்கள் எங்களுக்கும் உண்டு. அதை எந்தப் பிரசங்கத்திலும் சொன்னதில்லை.

அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-ல் நூலாக வந்தபோது பலர் திடுக்கிட்டார்கள். 1946 செப்டம்பர் 10-ந் தேதி டார்ஜிலிங் செல்லும் ரயிலில் ஏழைகளுக்கு ஊழியஞ்செய்யும் அழைப்பைப் பெற்றவர் அவர். அந்த ஊழியம் தொடங்கிய காலத்திலேயே உள்ளத்தில் இருள் சூழ்ந்தது. ஆண்டவர் அருகில் இருக்கிறார் என்ற உணர்வே இல்லை. 1958-ல் சில வாரம் மட்டும் வெளிச்சம் கிடைத்து, மறுபடியும் இருள். 1997-ல் மரிக்கும்வரை ஏறக்குறைய அப்படியே. அந்தக் கடிதங்களை அழித்துவிடுங்கள் என்றுகூட அவர் கேட்டிருந்தார்! ஆயினும் காலை ஜெபத்தை விடவில்லை. பூனாவில் இறையியல் போதித்த யோசேப் நாய்னர் என்ற குருவானவரிடம் தம் நிலையை மனந்திறந்து எழுதினார். தேவனை உணரவில்லையே என்ற ஏக்கமே அவர் மறைவாக உடனிருப்பதற்கு அடையாளம் என்று அவர் தேற்றினார். இருள் விலகவில்லை, ஆனால் அதைப்பற்றிய பயம் தணிந்தது. அவர் வேறு சபையார்தானே என்று சிலர் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளட்டும்.

நம் பக்கத்துத் தோனாவூரிலே ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ல் தவறி விழுந்து, 1951-ல் மரிக்கும்வரை பெரும்பாலும் படுக்கையறையிலேயே கழித்தார். சுகமாயிருப்போர் எழுதிய ஆறுதல்கள் தம்மை எட்டாததைக் கண்டு, நோயாளியாகவே நோயாளிகளுக்கு எழுதினார்.

அந்தத் தாயாரிடம் நாங்கள் முதலில் கேட்டது, "கடைசியாக எப்போது அம்மா நன்றாகத் தூங்கினீர்கள்?" என்பதுதான். வார்டுத் தரையில் ஏழு வாரம்! பரிசோதித்த மருத்துவர் இரத்தசோகை என்றார். தூக்கமின்மையையும் சோகையையும் மனச்சோர்வையும் அவிசுவாசம் என்று முத்திரை குத்துவது பாவம் என்றே சொல்வோம். ஜெபிப்பதோடு வைத்தியமும் பார்க்க வேண்டும்.

பிறகு பூண்டு விஷயம். "அந்த விலையையே ஆண்டவரிடம் சொல்லுங்கள்" என்றோம். வீட்டுக்காரர் படுக்கையில், நிலத்தில் பயிர், தலைமேல் கடன். அவர் மனம் ஓடியது விளையாட்டுக்கா? பாரம் எங்கேயோ அங்கேதானே ஓடும். கைபேசிக்குப் பின்னால் அலையும் நம் மனதை இதோடு சேர்க்காதீர்கள். அதைக் கையிலெடுக்காமல் தூர வைத்தாலே பாதி ஜெயம்.

88-ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். ஆறுதல் ஒன்றும் காணாமலே முடிந்துவிடுகிறது. ஆனாலும் வேதத்தில் அதற்கு இடமுண்டு. சொந்தச் சொல் வராதபோது அதை வாய்விட்டு வாசிக்கலாம். அதுவும் முடியாவிட்டால், திமிர்வாதக்காரனை நாலுபேர் சுமந்து, கூரையைப் பிரித்து இறக்கினார்களே! அவன் ஜெபித்ததாக மாற்கு எழுதவில்லை. சுமந்தவர்களின் விசுவாசத்தை இயேசு கண்டார்.

இந்தச் செய்திமடலை வாசித்து, நோயாளிகளுக்காகத் தினமும் ஜெபிக்கும் ஆதரவாளர்களே, நீங்கள் அந்த நாலுபேரில் ஒருவர். உங்களுக்கும் வறட்சி வரும். அந்த நாளில் வெறும் பெயர்களை மட்டும் சொல்லுங்கள். எங்கள் இரவுப்பணிச் செவிலியர் ஒருவர் அப்படித்தான் செய்கிறார்: கட்டில் கட்டிலாக நின்று, பெயரைச் சொல்லி, அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்.

அந்தத் தாயார் இன்று முகாமுக்கு வந்திருந்தார். கணவர் தடியூன்றி நடக்கிறார். "ஜெபம் எப்படி அம்மா?" என்று கேட்டோம். "இன்னும் காய்ஞ்சுதான் கிடக்கு ஐயா. ஆனா உட்கார்றேன்" என்றார்.