பள்ளி மணி அடித்த பிறகு



அயர்லாந்துக்காரர் ஒருவரிடம், "பள்ளியில் படித்த ஐரிஷ் மொழியில் ஏதாவது ஒரு வாக்கியம் சொல்லுங்களேன்" என்று கேட்டுப் பாருங்கள். பலருக்கும் சட்டென்று வாயில் வருவது, "டீச்சர், கழிப்பறைக்குப் போகட்டுமா?" என்பதுதான். ஐரிஷில் கேட்டால்தான் அனுமதி கிடைக்கும். வருடக்கணக்கில் படித்த இலக்கணம் மறந்துபோனாலும், தேவைக்குப் பேசிய அந்த ஒரு வாக்கியம் மறக்கவில்லை, பாருங்கள்!

1922இல் அயர்லாந்தின் பெரும்பகுதி தனி நாடானதும் ஐரிஷ் மொழியை மீட்கும் பொறுப்பை அரசு பெரும்பாலும் பள்ளிகளின் தலையில் வைத்தது. பிள்ளைகள் படித்துவிட்டால் வீட்டில் தானாகப் பேசுவார்கள் என்பது கணக்கு. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐரிஷ் தெரியும் என்றவர்கள் சுமார் 18 லட்சத்து 74 ஆயிரம் பேர். பள்ளிக்கு வெளியே அதைத் தினமும் பேசுகிறவர்களோ 72,000 பேர்கூட இல்லை.

வடக்கே பெல்ஃபாஸ்ட் நகரில் சில குடும்பங்கள், முதலில் பள்ளி, பிறகு வீடு என்ற இந்தக் கணக்கைத் தலைகீழாக்கின. 1960களில் சில இளம் தம்பதிகள், தாங்களே வளர்ந்த பிறகு ஐரிஷ் கற்றவர்கள், ஒன்றுகூடி ஷாஸ் ரோடில் நிலம் வாங்கி, அடுத்தடுத்து வீடு கட்டிக் குடியேறினார்கள். வீட்டில் ஐரிஷ், பக்கத்து வீட்டிலும் ஐரிஷ். பிள்ளைகள் வளர்ந்ததும் 1971இல் 9 குழந்தைகளோடு பள்ளி தொடங்கினார்கள். அரசுப் பணம் வர 1984 ஆயிற்று. அதுவரை செலவெல்லாம் அவர்கள் கைக்காசும் நன்கொடையும்தான். வடக்கு அயர்லாந்தில் இன்று ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஐரிஷ் வழியில் படிப்பதற்கு விதை அங்கே விழுந்தது.

தெற்கே 'நீன்ரா' எனப்படும் மழலையர் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே பாடம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. கை கழுவும்போது தண்ணீர், சோப்பு, துண்டு என்று ஆசிரியை ஐரிஷில் பேசிக்கொண்டே இருப்பார். குழந்தை ஆங்கிலத்தில் "பால் வேணும்" என்றால் கண்டிக்க மாட்டார்; பாலை ஊற்றிக்கொண்டே அதையே ஐரிஷில் சொல்லிக் காட்டுவார். பல வீடுகளில் அப்பா அம்மாவுக்கு ஐரிஷ் சரளமாக வராது என்பதால், அன்று பாடிய பாட்டைத் தாளில் எழுதிக் கொடுத்தனுப்பும் பள்ளிகளும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது இந்தத் தாள்தான். மொழி சமையலறைக்குள் நுழைய அது ஒரு வழி.

அதே தெற்கில், தொடக்கப் பள்ளி வயதில் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பேர் ஐரிஷ் வழியில் படிக்கிறார்கள். உயர்நிலைப் பள்ளிக்குப் போகும்போது அந்த விகிதம் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. பல ஊர்களில் ஐரிஷ் வழி உயர்நிலைப் பள்ளியே கிடையாது. இருக்கும் இடத்திலும் எல்லாருக்கும் இடம் கிடைப்பதில்லை. நண்பர்களோடு ஓயாமல் பேசும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பிள்ளை ஆங்கிலப் பள்ளிக்கு மாறிவிடுகிறது. சாலைப் பலகைகளில் ஐரிஷ் எழுதியாகிவிட்டது, நல்லதுதான். இனி வரும் பணத்தை, என்னைக் கேட்டால், இந்த வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்பறை கட்டத்தான் முதலில் செலவிடச் சொல்வேன்.