அரசாங்கம் என்றால் யார்?

(தோட்டப் பிள்ளைமடுவத்தில் நடந்த மாதர் சங்கக் கூட்டத்தில் எமது நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



போன மாதம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஓர் அம்மா எங்களிடம் கேட்டார்: "ஐயா, அரசாங்கம் அரசாங்கம்னு சொல்றீங்களே, அது யாரு? தொரையா? ஜீ.எஸ். ஐயாவா? இல்ல, எலக்‌ஷனுக்கு வந்து கும்பிட்டுட்டுப் போனவரா?" பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. கேள்வி சரியான கேள்வி.

எங்கள் தாத்தா காலத்தில் வீடு, மருந்து, அரிசி, பள்ளிக்கூடம் எல்லாமே தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தது. அதனால் துரைதான் அரசாங்கம் என்று நினைத்துப் பழகிவிட்டோம். ஆனால் துரையை நாங்கள் தெரிவு செய்யவில்லை, மாற்றவும் முடியாது. அரசாங்கம் அப்படியல்ல. நாங்கள் வாக்குப் போட்டு அனுப்புகிறவர்கள் எங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஜனநாயகம் என்பது இதுதான்.

அரசாங்கத்திலும் வேலை பிரிந்திருக்கிறது. சட்டம் செய்வது பாராளுமன்றம். அங்கே 225 பேர். அந்தச் சட்டத்தின்படி நாட்டை நடத்துவது ஜனாதிபதியும் அமைச்சர்களும். இவர்கள் பிழை விட்டால் தட்டிக் கேட்பது நீதிமன்றம். சும்மா ஏட்டுப் பேச்சு இல்லை இது. 2023இல் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் நடக்காமல் போனது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்தது. நீங்களும் போய்ப் போட்டீர்கள்.

கை கூடுதலாக உயர்ந்தால் அதுதான் ஜனநாயகம் என்று சிலர் சொல்வார்கள். அதை எங்கள் ஆட்களிடம் சொல்லக்கூடாது! 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸிலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். அடுத்த வருடமே, 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்கும் போனது. பாராளுமன்றத்தில் கைகளை எண்ணித்தான் அதையும் செய்தார்கள். பறித்ததைத் திரும்ப வாங்க எத்தனை ஒப்பந்தம், எத்தனை பிரிவு! அப்பா இந்தியாவுக்குப் போக, அண்ணன் இங்கே நின்ற குடும்பங்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கின்றன. கடைசியாக மிச்சம் இருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் பிரஜாவுரிமை கிடைத்தது.

இனி எங்கள் மதகு விஷயத்துக்கு வருவோம். மேல் டிவிசனுக்குப் போகிற பாதையில் மதகு இடிந்து, பிள்ளைகள் பலகை போட்டுத் தாண்டுகிறார்கள். இரண்டு வருடமாகத் தோட்டக் காரியாலயத்துக்கு மட்டும் எழுதிக்கொண்டிருந்தோம். அது எங்கள் பிழை, ஒப்புக்கொள்கிறோம். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று முன்பு கையை விரிப்பார்கள். அந்தப் பழக்கத்தில் நாங்களும் சபைப் பக்கம் போகவில்லை. ஆனால் 2018இல் அந்தப் பிரிவைத் திருத்திவிட்டார்கள். இப்போது கேட்கலாம்.

கேட்கப் போனோம். வட்டார உறுப்பினர் மரியாதையாகத்தான் பேசினார். இடையில், "மேல் டிவிசன்ல எத்தன ஓட்டு இருக்குங்க?" என்று ஒரு கேள்வி போட்டார். கோபம் வந்தது. பாதைக்கு வாக்கை எண்ணியா கல் போடுவது? ஆனாலும் திரும்பி வந்து வாக்காளர் இடாப்பைப் பார்த்தோம். ஒரே லயத்தில், பத்துக் காம்பராவில், பதினெட்டு வயது தாண்டிய நாலு பிள்ளைகளின் பேர் இல்லை. ஒருவன் கொழும்பில் கடையில் நிற்கிறான், ஒருத்தி கார்மெண்டில் வேலை. "அங்க பதிஞ்சிருப்பானுங்க" என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள். விசாரித்தால் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. பாட்டனார் வாக்கைச் சட்டம் போட்டுப் பறித்தார்கள். பேரன் வாக்கு ஒரு படிவம் நிரப்பாததால் போகிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இதே பிள்ளைமடுவத்தில் இருப்போம். பதினெட்டு முடிந்த பிள்ளைகளின் அடையாள அட்டை விபரத்தைக் கொண்டு வாருங்கள்; கொழும்பில் இருந்தால் போன் போட்டுக் கேட்டு எழுதி வாருங்கள். அட்டையே இல்லாதவர்கள் பிறப்புச் சான்றிதழோடு வாருங்கள். எல்லாவற்றையும் சேர்த்துக் கிராம உத்தியோகத்தரிடம் போவோம்.

மதகுக்கான மனுவும் அன்று மேசையில் இருக்கும். தலைவர் மட்டும் கையெழுத்து வைத்தால் போதாது. அந்தப் பலகையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாண்டுகிற தாய்மார் முதலில் வையுங்கள்.