சாப்பிட மறுக்கும் பிள்ளை

(ஆலய மண்டபத்தில் நடைபெற்ற குடும்பநலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நிர்வாகக் குழுவைச் சேர்ந்தவள் எழுந்தால் திருப்பணிக் கணக்குத்தான் வாசிப்பாள் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று நான் பேச வந்தது என் பேரன் துப்பிய சோற்றைப் பற்றி.

ஒரு வயது வரை கொடுத்ததையெல்லாம் சாப்பிட்ட பிள்ளை, ஒன்றரை வயதில் வாயைப் பூட்டிக்கொண்டான். பால் போத்தலும் பிஸ்கட்டும் போதும் அவனுக்கு. நிபோங் திபால் வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளை அடக்கி உட்கார வைத்த ஆசிரியை நான். இவன் எம்மாத்திரம் என்று நினைத்தேன். தாடையைப் பிடித்து ஊட்டினேன். பூச்சாண்டி காட்டினேன். கைப்பேசியில் பாட்டுப் போட்டேன். அவன் வாந்தி எடுத்தான். "எல்லாம் நீ பழக்கிய பழக்கம்" என்று மருமகளைச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் சமையற்கட்டில் நின்று அழுதாள். சபையில் இதைச் சொல்ல எனக்கு வெட்கந்தான்.

கிளினிக்கில் மிஸ்ஸி எடை பார்த்தார். வயதுக்கேற்ற எடைதான். "பால் எவ்வளவு குடிக்கிறான்?" என்று கேட்டார். நாளுக்கு ஐந்து போத்தல் பசும்பால், ஒரு லிட்டருக்கும் மேல்! இந்த வயதுக்கு அரை லிட்டர் தாண்டவே கூடாதாம். வயிறு பாலால் நிறைந்தால் சோற்றுக்கு இடமேது? பசும்பாலில் இரும்புச்சத்தும் மிகக் குறைவு. இரத்தம் சோதித்ததில் அந்தக் குறை தெரிந்தது. டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார்.

மிஸ்ஸி சொன்ன கணக்கு ஒன்று என்னை யோசிக்க வைத்தது. 3 கிலோவாகப் பிறந்த குழந்தை ஓராண்டில் 9 கிலோ ஆகிறது. அடுத்த ஆண்டில் கூடுவதோ 2, 2½ கிலோதான். வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் குறையும். புதிய உணவைக் கண்டு அஞ்சுவதும் அந்த வயதின் இயல்பாம். ஒரே காயைப் பத்துப் பதினைந்து முறை தட்டில் பார்த்த பிறகே சில பிள்ளைகள் தொடுமாம். நாமோ மூன்றாம் முறையிலேயே "இவனுக்குப் பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்னும் மருத்துவர் 15 குழந்தைகளின் முன் 34 வகை உணவுகளை வைத்து, அவர்கள் விருப்பம்போல் உண்ண விட்டார். குழந்தைகள் நன்றாக வளர்ந்ததாக 1939-இல் எழுதினார். ஆனால் கவனியுங்கள், அந்த 34-இல் மிட்டாயோ பிஸ்கட்டோ கிடையாது. எதை, எப்போது கொடுப்பது என்பது பெரியவர் பொறுப்பு, எவ்வளவு உண்பது என்பது பிள்ளையின் பொறுப்பு என்று எல்லின் சாட்டர் என்ற உணவியல் நிபுணர் பின்னாளில் வகுத்ததும் இதையொட்டியதே.

நான் தோட்டத்தில் வளர்ந்தவள். ஆயாக் கொட்டகையில் எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தட்டு வைப்பார்கள். பக்கத்துப் பிள்ளை தின்றால் நாமும் தின்போம். ஆயாவுக்குக் கெஞ்ச நேரம் ஏது?

நாங்களும் அப்படியே செய்தோம். பால் இரண்டு குவளையானது, போத்தல் போயிற்று. பிஸ்கட் டின் கண்ணில் படாத இடத்துக்குப் போனது. எங்கள் சாப்பாட்டு நேரத்தில் அவனுக்கும் ஒரு சிறு தட்டு, இரண்டு கவளம் சோறு, ஒரு துண்டு காய். அரை மணியில் தட்டை எடுத்துவிடுவோம். திட்டு இல்லை, பாராட்டும் இல்லை. முதல் வாரம் எனக்குத் தூக்கமே இல்லை. மருமகள்தான் "பொறுங்கள் அத்தை" என்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமை இதே மண்டபத்தில் அன்னதானப் பந்தி. மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்தவன், யாரும் சொல்லாமலே இலையிலிருந்த பூசணித் துண்டை எடுத்து வாயில் போட்டான். நான் பார்க்காதவள்போல் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

எடை குறைந்தாலோ, விழுங்கும்போது புரையேறினாலோ, அடிக்கடி வாந்தி எடுத்தாலோ காத்திராதீர்கள். கிளினிக்குக்குக் கொண்டு போங்கள்.

இப்போது அவனுக்கு நான்கு வயது. பாகற்காயை இன்னும் தொடுவதில்லை. அவன் தாத்தாவும் தொடுவதில்லை.